சந்தேகத்துக்கு ஓர் ஆள் வேண்டும்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கதையை நிதானமாகப் படித்தேன். மொழி உன் கைக்கு வந்துவிட்டது. அந்தப் பச்சை டிரங்குப் பெட்டி கண்ணிலேயே நிற்கிறது. ஆனால் வீட்டைவிட்டுப் போனவர் அப்பாவா, சித்தப்பாவா என்பது கடைசிவரை பிடிபடவில்லை. 'அது வேண்டுமென்றே விட்ட பூடகம்' என்று கூடவே வைத்த கடிதத்தில் முன்ஜாமீன் வாங்கியிருக்கிறாய். சரி, பூடகம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் கடைசிப் பத்தியில் 'அந்தப் பூட்டிய பெட்டிதான் அவள் மனம்' என்று எதற்காக எழுதினாய்? நடந்ததை மறைத்துவிட்டு, அர்த்தத்தைப் போட்டு உடைத்திருக்கிறாய்.

இந்த விஷயத்தில் நீ பாடம் கேட்க வேண்டிய ஆள் நத்தானியல் ஹாதோர்ன். 1804இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலத்தில் பிறந்தவர். நம் மாங்கனிச் சேலம் இல்லை. கடலோரத் துறைமுகச் சேலம். அவருடைய 'தி ஸ்கார்லெட் லெட்டர்' நாவலைப் பாடமாக வைத்தே பல பேரை அவரிடமிருந்து விரட்டிவிட்டார்கள். 'சிவப்பு எழுத்து எதைக் குறிக்கிறது? ஐந்து மதிப்பெண்' என்று கேட்டால் எந்தக் கதைதான் உயிரோடு இருக்கும்? நீ அந்தக் கேள்வியை மறந்துவிட்டுப் படி.

தன் நீண்ட கதைகளை அவர் நாவல் என்று சொல்லவில்லை, ரொமான்ஸ் என்றார். காதல் கதை என்று நினைத்துவிடாதே. 1851இல் வந்த 'தி ஹவுஸ் ஆஃப் தி செவன் கேபிள்ஸ்' முன்னுரையில் அவரே விளக்குகிறார். நாவல் என்றால் அன்றாட வாழ்க்கையில் நடக்கக்கூடியதை அடி பிசகாமல் பின்பற்ற வேண்டும்; ரொமான்ஸுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. வெளிச்சத்தைக் கூட்டலாம், நிழலை அடர்த்தியாக்கலாம், அதிசயத்தையும் ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்ளலாம். மனித மனத்தின் உண்மையிலிருந்து விலகுவது மட்டும் மன்னிக்க முடியாத குற்றம். மற்ற சலுகைகளையெல்லாம் மறந்தாலும் இந்த நிபந்தனையை மறக்காதே.

முதலில் அவர் பொருளை எப்படிக் கையாள்கிறார் என்று பார். 'ஸ்கார்லெட் லெட்ட'ருக்கு முன்னால் 'தி கஸ்டம் ஹவுஸ்' என்று நீளமான ஒரு முகப்பு இருக்கிறது. பலர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள், நீ தாண்டாதே. 1846 முதல் 1849 வரை சேலம் சுங்க அலுவலகத்தில் அவர் சர்வேயராக இருந்தார். ஆட்சி மாறியதும் வேலை போயிற்று. அந்த அலுவலக மாடியில் குப்பையாகக் கிடந்த காகிதக் கட்டுகளுக்கு நடுவே ஒரு துணித்துண்டைக் கண்டெடுத்ததாகக் கதை விடுகிறார். சிவப்புத் துணி, பூச்சி அரித்திருக்கிறது, ஓரத்தில் தங்க இழைப் பூவேலை மங்கிப்போயிருக்கிறது. உற்றுப் பார்த்தால் அது 'ஏ' என்ற ஆங்கில எழுத்து. உடனே அர்த்தத்துக்குத் தாவவில்லை மனிதர். அளக்கிறார். எழுத்தின் ஒவ்வொரு காலும் சரியாக 3¼ அங்குலம். அதற்கப்புறம்தான் அதைத் தன் நெஞ்சில் வைத்துப் பார்க்கிறார். சுடுகிறது. பதறிக் கீழே போட்டுவிடுகிறார்.

அந்தக் கால் அங்குலத்தைக் கவனித்தாயா? வெறும் மூன்று அங்குலம் என்று சொல்லியிருந்தால் அது உத்தேசக் கணக்கு. கால் அங்குலத்தையும் சேர்த்துச் சொல்கிறவரை நாம் நம்பிவிடுகிறோம். நம்பியபின், அது சுட்டது என்று அவர் சொல்லும்போது மறுக்க நமக்குத் தைரியம் வருவதில்லை. உன் டிரங்குப் பெட்டியின் பூட்டு என்ன பூட்டு? மூலைத் தகரம் துருப்பிடித்திருக்கிறதா? நகர்த்தினால் தரையில் கோடு விழுமா? இதையெல்லாம் நீ எழுதவில்லை. நேராக மனசுக்குப் போய்விட்டாய்.

அந்த எழுத்து அவர் சும்மா இட்டுக்கட்டியதும் இல்லை. பிளிமத் குடியேற்றத்தில் 1658இல் ஒரு சட்டம் இருந்தது: பிறன்மனை உறவில் பிடிபட்டவர் 'ஏ', 'டி' என்று இரண்டு எழுத்துகளைத் துணியில் வெட்டி மேலாடையில் தைத்துக்கொள்ள வேண்டும். ஹாதோர்னை இந்த விஷயம் ரொம்பக் காலம் விடாமல் பிடித்திருக்கிறது. 1838ஆம் ஆண்டுக்கான பரிசு மலரில் வந்த 'எண்டிகாட் அண்ட் தி ரெட் கிராஸ்' என்ற சின்னக் கதையில், கூட்டத்தோடு கூட்டமாக ஒரு பெண் நிற்கிறாள். அவள் நெஞ்சிலும் இதே எழுத்து. அவமானத் துணியைத் தங்க நூலால் அழகாகப் பூவேலை செய்து போட்டிருக்கிறாள். அவளுக்குப் பெயர் கிடையாது, பேச்சு கிடையாது, அந்தக் கதையில் வேலையும் கிடையாது. அவள் 'ஸ்கார்லெட் லெட்ட'ரில் ஹெஸ்டர் பிரின் என்ற பெயரோடு திரும்பி வர 1850 ஆகிவிட்டது. ஒரு படிமம் கிடைத்த வாரத்திலேயே கதையாக்கி இதழுக்கு அனுப்பிவிடுகிறாயே, உனக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இனி சந்தேகத்துக்கு வருவோம். 'ஸ்கார்லெட் லெட்டர்' கதை 1640களின் பாஸ்டனில் நடக்கிறது. பிறன்மனை உறவுக்காகக் கைக்குழந்தையோடு ஹெஸ்டரைத் தண்டனை மேடையில் நிறுத்துகிறார்கள். தகப்பன் பெயரைச் சொல்லச் சொல்கிறார்கள். அவள் சொல்ல மறுக்கிறாள். ஊரே கொண்டாடும் இளம் பாதிரியார் டிம்ஸ்டேல்தான் அந்தத் தகப்பன். காணாமல் போன அவள் புருஷன் சில்லிங்வொர்த் என்ற பொய்ப் பெயரில் வைத்தியராக வந்து சேர்ந்து, பாதிரியாரோடு ஒரே வீட்டில் தங்கி, அவருக்கே மருந்து கொடுக்கிறான். நாவல் முழுக்கத் தேடினாலும் அந்தக் குற்றத்தின் பெயர் ஓரிடத்திலும் வராது. ஆனாலும் என்ன நடந்தது என்பதில் எந்த வாசகனுக்கும் குழப்பம் வராது. நீ கற்க வேண்டியது இது. யார், எங்கே, யாருக்கு என்ன உறவு என்பதெல்லாம் கல்லில் வெட்டினாற்போல் இருக்கிறது. மூடுபனி அதற்கு மேலேதான்.

ஏழு வருஷம் கழித்து ஒரு நடுராத்திரி, யாரும் பார்க்காத நேரத்தில், டிம்ஸ்டேல் அதே மேடையில் போய் ஏறி நிற்கிறார். மரணப்படுக்கையில் இருந்த கவர்னர் வின்த்ராப் வீட்டிலிருந்து ஹெஸ்டரும் சிறுமி பெர்லும் அந்த வழியாகத் திரும்புகிறார்கள். மூவரும் கைகோத்து நிற்கும்போது வானத்தில் ஓர் எரிகல் பாய்ந்து ஊரையே வெளிச்சமாக்குகிறது. அந்த வெளிச்சத்தில் டிம்ஸ்டேலுக்குப் பிரம்மாண்டமான 'ஏ' தெரிகிறது. கதைசொல்லி உடனே குறுக்கிடுகிறார்: அது அவருடைய கண்ணிலும் நெஞ்சிலும் இருந்த நோய், குற்றவுணர்வில் வெந்துகொண்டிருப்பவன் வானத்தையே தன் கணக்கேடாக நினைத்துக்கொள்கிறான், வேறொருவனின் குற்றம் அங்கே வேறு வடிவத்தைக் கண்டிருக்கும். வாசகன் சமாதானமாகிவிடுகிறான். ஆக, இது மனோதத்துவம்.

மறுநாள் பிரசங்கம் முடிந்து இறங்கும்போது கோயில்பிள்ளைக் கிழவர் ஒரு கறுப்புக் கையுறையை நீட்டுகிறார். 'இது உங்களுடையதுதானே? தண்டனை மேடையில் கிடந்தது. சாத்தான்தான் திருடிக்கொண்டுபோய் அங்கே போட்டிருக்க வேண்டும்' என்கிற தோரணையில் பேசுகிறார். போகிற போக்கில் இன்னொன்றும் கேட்கிறார்: நேற்று ராத்திரி வானத்தில் தெரிந்த பெரிய சிவப்பு 'ஏ' பற்றிக் கேள்விப்பட்டீர்களா? ஊரில் எல்லோரும் அதை 'ஏஞ்சல்' என்று எடுத்துக்கொண்டோம். நம் கவர்னர் நேற்றுத்தானே தேவதூதரானார்!

இப்போது என்ன சொல்வாய்? நோயுற்ற கண்ணின் மயக்கம் என்று கதைசொல்லி சொன்னாரே, கிழவருக்கு எப்படித் தெரிந்தது? அதிசயம் என்று எடுத்துக்கொண்டால், கதைசொல்லியின் விளக்கத்தை என்ன செய்வது? இரண்டு கதவையும் திறந்துவைத்துவிட்டு அவர் போய்விடுகிறார். அந்த இரண்டுக்கும் ஆள் இருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். அந்த எழுத்து தன்னைப் பற்றியதாக இருந்தே ஆக வேண்டும் என்ற தவிப்பு டிம்ஸ்டேலுக்கு. தங்கள் கவர்னர் சொர்க்கம் போனார் என்ற உறுதி ஊருக்கு வேண்டும். குறியீடு வானத்தில் இருக்கிறது. அதன் அர்த்தங்கள் கீழே நிற்கிறவர்களின் தேவையில் இருக்கின்றன. உன் கதையில் பெட்டியைப் பார்க்கிறவர்கள் யார் யார்? மருமகளுக்கு அதில் நகை இருந்தாக வேண்டும். மகனுக்கு அப்பாவின் கடிதம் இருந்தாக வேண்டும். பேரப்பிள்ளைக்கு வேறென்னவோ. ஆளில்லாத சந்தேகம் வெறும் குழப்பம் தம்பி. அதற்கு எந்த வாசகனும் காசு கொடுக்க மாட்டான்.

ஹென்றி ஜேம்ஸ் 1879இல் ஹாதோர்னைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதில் இந்த எரிகல் காட்சி அதிகப்படி என்று குறைப்பட்டுக்கொள்கிறார். குறியீட்டை இழுத்த இழுப்பில் சோகம் கேலிக்கூத்தின் எல்லைக்குப் போய்விடுகிறதாம். எரிகல்லை மட்டும் தனியாக எடுத்தால் அவர் சொல்வது சரிதான். கையுறையோடு கிழவர் வந்து நின்றதும் அந்தக் குறை எனக்குத் தீர்ந்துவிடுகிறது. பின்னாளில் விமர்சகர்கள் இந்த உத்திக்குப் பெயரும் வைத்தார்கள். ஐவர் விண்டர்ஸ் 1938இல் மாற்றுச் சாத்தியங்களின் சூத்திரம் என்றார். மாத்தீசன் 1941இல் பல விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் உத்தி என்றார். அதைப் படித்துவிட்டு நீயும் சூத்திரம் போட ஆரம்பித்துவிடாதே.

இன்னொரு காட்சி, இதைவிட எனக்குப் பிடித்தது. டிம்ஸ்டேல் நாற்காலியில் அசந்து தூங்குகிறார். எப்போதும் கையை நெஞ்சிலேயே வைத்திருக்கும் மனிதர், வைத்தியனுக்கும் காட்டாதவர். சில்லிங்வொர்த் உள்ளே வருகிறான், கிட்டே போகிறான், அங்கியை விலக்கிப் பார்க்கிறான். நமக்கும் பார்க்கவேண்டும் என்று இருக்கிறது. ஹாதோர்ன் காட்டுவது நெஞ்சை அல்ல, பார்த்தவனின் முகத்தை. அந்தக் கோணல் உடம்பு முழுக்க வெறித்தனமான ஆனந்தம். கைகளை மேலே வீசுகிறான், தரையில் காலை உதைக்கிறான். ஓர் ஆன்மா நரகத்துக்குக் கிடைத்தபோது சாத்தான் இப்படித்தான் குதித்திருப்பான் என்று சொல்லிவிட்டு, ஒரு வித்தியாசத்தைக் குறிப்பிடுகிறார்: இவன் ஆனந்தத்தில் வியப்பும் கலந்திருந்தது. அந்த வியப்பு அங்கே எதற்கு? அவன் எதிர்பார்த்ததைவிட ஏதோ அதிகமாக அங்கே இருந்திருக்கிறது. அவ்வளவுதான் நமக்குக் கிடைக்கும்.

இதை நான் வெறும் உத்தியாகப் பார்க்கவில்லை. ஃப்ராய்டு பிறக்கும் முன்பே எழுதப்பட்ட நாவல் இது. இன்னொருவர் மனசைத் தோண்டிப் பார்ப்பதில் உள்ள போதையை இதில் துல்லியமாகப் பிடித்திருக்கிறார். அப்படித் தோண்டுகிற சில்லிங்வொர்த்தான் இந்தக் கதையின் பெரிய பாவி. அங்கியை அவன் விலக்கினான். கதைசொல்லி விலக்க மறுக்கிறார். கடைசியில் டிம்ஸ்டேல் தாமாகவே ஊர் முன்னால் நெஞ்சைத் திறந்து காட்டும்போதும், அதை விவரிப்பது மரியாதை ஆகாது என்று ஒதுங்கிக்கொள்கிறார். அங்கே என்ன இருந்தது என்று அப்புறம் ஊர் பேசுகிறது. ஹெஸ்டரின் எழுத்தைப் போலவே ஒன்று சதையில் பதிந்திருந்தது என்கிறார்கள் பெரும்பாலானோர். அவரே தன்னை வதைத்து உண்டாக்கிக்கொண்டது என்று ஒரு சாரார். வைத்தியன் மருந்தாலும் மாயத்தாலும் வரவழைத்தது என்று ஒரு சாரார். உள்ளே அரித்த குற்றவுணர்வு வெளியே வந்தது என்று இன்னொரு சாரார். ஒன்றுமே இல்லை, பிறந்த குழந்தையின் நெஞ்சுபோல் இருந்தது என்று சாதிக்கிறவர்களும் உண்டு. அவர்கள் பாதிரியாரின் நண்பர்கள் என்பதையும் ஹாதோர்ன் சொல்லாமல் விடவில்லை. நான் சொன்னேனே, ஆள் வேண்டும் என்று.

(இந்த முடிவை 1850 பிப்ரவரியில் மனைவி சோஃபியாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். அந்த அம்மாள் தாளாத தலைவலியோடு படுக்கப் போய்விட்டார். அதைப் பெரிய வெற்றியாக எடுத்துக்கொண்டதாக நண்பருக்கு எழுதியிருக்கிறார் மனிதர். எழுத்தாளனைக் கட்டிக்கொள்வது எளிதில்லை.)

விவரிக்காமல் ஒதுங்கிக்கொள்ளும் இந்தக் குணம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், நான் 1692ஐக் காட்டுவேன். அந்த வருஷம் சேலத்தில் சூனியம் செய்தவர்கள் என்று சொல்லிப் பிடித்து 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். வழக்காட மறுத்த ஒரு கிழவரைக் கல்லேற்றி நசுக்கிக் கொன்றார்கள். இன்னாருடைய ஆவியுரு ராத்திரி வந்து என்னைக் கிள்ளியது, கழுத்தை நெரித்தது என்று ஒருவர் சொன்னால், அதையும் நீதிமன்றம் சாட்சியமாக எடுத்துக்கொண்டது. சாத்தான் நிரபராதியின் உருவத்திலும் வரலாமே என்று மதகுருமார் சிலர் கேட்டது எடுபடுவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. விசாரித்த மாஜிஸ்திரேட்டுகளில் ஒருவர் ஜான் ஹாதோர்ன், நம் எழுத்தாளரின் எள்ளுத்தாத்தா. கண்ணில் பட்ட ஓர் அடையாளத்துக்கு ஒரே அர்த்தம்தான் என்று அடித்துச் சொன்ன குடும்பம். எள்ளுப்பேரன் அந்த முன்னோர்களின் அவமானத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொள்வதாக 'கஸ்டம் ஹவு'ஸில் எழுதியிருக்கிறார்.

இது தெரிந்தபின் 'யங் குட்மன் பிரவுன்' கதையைப் படி. 1835இல் வந்தது, ஒரே மூச்சில் முடித்துவிடலாம். சேலத்து இளைஞன் ஒருவன், தலைத்தொப்பியில் இளஞ்சிவப்பு ரிப்பன் கட்டிய மனைவியை விட்டுவிட்டு ஓர் இரவு காட்டுக்குள் போகிறான். மனைவி பெயர் ஃபெய்த். அங்கே சாத்தானின் கூட்டத்தில் ஊர்ப் பெரியவர்கள், பாதிரியார், தனக்கு வேதபாடம் சொல்லிக்கொடுத்த கிழவி எல்லோரையும் பார்க்கிறான், அல்லது பார்த்ததாக நினைக்கிறான். வானத்திலிருந்து என்னவோ படபடத்து விழுந்து கிளையில் மாட்டுகிறது. எட்டி எடுத்தால், இளஞ்சிவப்பு ரிப்பன். கையால் தொட்ட சாட்சியம். அப்புறம் அவனைத் தடுக்க எதுவுமில்லை. மறுநாள் காலை ஊருக்குத் திரும்புகிறான். எதிரே ஃபெய்த் துள்ளி ஓடி வருகிறாள், தலையில் அதே ரிப்பன்களோடு.

கனவா என்று ஹாதோர்னே கேட்கிறார். கனவென்றால் கனவென்றே வைத்துக்கொள் என்று தோளைக் குலுக்குகிறார். ஆனால் அதற்கப்புறம் எழுதியதில் ஒரு துளி சந்தேகமும் இல்லை. அவன் மனைவியின் முகத்தைக் கடுகடுப்பாகப் பார்த்துவிட்டு வாழ்த்துக்கூடச் சொல்லாமல் கடந்து போகிறான். பாதிரியார் பேசினால் கூரை இடிந்து விழுமோ என்று வெளிறுகிறான். நடுராத்திரி விழித்து, பக்கத்தில் படுத்திருப்பவளிடமிருந்து விலகிக்கொள்கிறான். பிள்ளை பெற்று, பேரன் பேத்தி கண்டு, கிழவனாகிச் சாகிறான். அவன் கல்லறைக் கல்லில் நம்பிக்கை தரும் ஒரு வரியைப் பொறிக்க யாருக்கும் மனம் வரவில்லை. காட்டில் நடந்தது நடந்ததா என்று தெரியாது. அதன் விளைவாக வீட்டில் என்ன நடந்தது என்பது ஒன்றுவிடாமல் தெரியும். உன் கதையில் இது தலைகீழாக இருக்கிறது.

அவர் தோற்ற இடங்களும் உண்டு, அவற்றையும் படி. எட்கர் ஆலன் போ 1847இல் அவருடைய உருவகப் பழக்கத்தை வெளுத்து வாங்கினார். அதில் நியாயம் இருக்கிறது. பெர்ல் பல பக்கங்களில் குழந்தையாக இல்லை, நடமாடும் சிவப்பு எழுத்தாகத்தான் இருக்கிறாள். ஓடைக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டு, அம்மா கழற்றி எறிந்த எழுத்தை மறுபடி குத்திக்கொண்டால்தான் கிட்டே வருவேன் என்று அடம்பிடிக்கும் காட்சியில் மட்டும் அவள் அச்சு அசல் ஏழு வயதுப் பிள்ளை. அம்மா என்றால் அந்த எழுத்தோடு இருப்பவள்தான் என்று பழகிய குழந்தைக்கு, எழுத்தில்லாத அம்மா அந்நியம். அங்கே குறியீட்டை விளக்க வேண்டிய தேவையே வரவில்லை. பிள்ளையின் பிடிவாதமே போதுமானதாக இருந்தது.

நீ கடிதத்தில் கேட்ட கேள்விக்கு இனி பதில் சொல்கிறேன். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எழுதுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டுமா? எனக்குத் தெரிந்து கட்டாயமில்லை. பெட்டிக்குள் என்ன இருப்பதாக ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள், ஏன் அப்படி நினைக்கிறார்கள், அந்த நினைப்பால் என்ன செய்கிறார்கள் என்பது தெரியாமல் மட்டும் பேனாவைத் தொடாதே. வாசகர்கள் கேட்கத்தான் செய்வார்கள். 1860இல் ஹாதோர்ன் 'தி மார்பிள் ஃபான்' எழுதினார். ரோமில் உள்ள, ஃபான் என்ற பாதி மனித, பாதி விலங்கு வனதேவதையின் பழைய சிலையை அப்படியே உரித்துவைத்தாற்போல் டொனாட்டெல்லோ என்று ஓர் இத்தாலிய இளைஞன். சிலைக்கு இருப்பதுபோல் கூரான விலங்குக் காது அவனுக்கும் இருக்கிறதா என்பதை முடி மறைத்திருக்கிறது. புத்தகம் வந்ததும், காது என்ன ஆயிற்று, கதையில் வரும் பெண்ணின் முன்கதை என்ன என்று வாசகர்கள் துளைத்தெடுத்துவிட்டார்கள். மனிதர் இளகி, அடுத்த பதிப்பில் ஒரு பின்னுரை சேர்த்தார். கதாபாத்திரங்களோடு ஆசிரியரே உட்கார்ந்து கேள்வி கேட்டுச் சில முடிச்சுகளை அவிழ்ப்பதாக அமைந்த பின்னுரை. அரைமனதோடு எழுதியது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. விளக்கம் சொன்ன இடமெல்லாம் கதை மெலிந்துபோயிருக்கிறது. கடைசியில் காதைப் பற்றிய கேள்வி வரும்போது மட்டும் கதையில் வரும் சிற்பி கென்யன், எனக்குத் தெரியும், ஆனால் சொல்லக் கூடாது என்று மறுத்துவிடுகிறான். மற்றக் கேள்விகளுக்கும் ஹாதோர்ன் அவனையே பதில் சொல்ல விட்டிருக்கலாம்.

அன்புடன்,
உன் அண்ணன்